முட்டிக்குள் கத்திரி

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தில் நான் பேசியது மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அதைக் கேட்ட ஒருவர், அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நாற்காலியை விட்டு அதிகம் எழவில்லை. இதை நான் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வசதியான இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். என் முனைவர் பட்ட ஆராய்ச்சி மூட்டுத் தேய்மானத்தில் நொதிகளின் வேலையைப் பற்றியது. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் எதிர்வீட்டு அம்மா, ‘நீங்க எந்த டாக்டர்?’ என்று கேட்டார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, முட்டி ஜவ்வு எப்படித் தேய்கிறது என்று படித்த டாக்டர் என்று சொன்னேன். தெருவில் பாதிப் பேருக்கு முட்டி வலி. சங்கச் செயலாளர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைப் பற்றி எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கல்லூரியில் என் பாடத்தைப் பரீட்சைக்காகக் கேட்பார்கள். தெருவில் யாரோ வலிக்காகக் கேட்கப்போகிறார்கள்.

ஒரு வாரம் தயார் செய்தேன். பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் பஞ்சு ஒன்றை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து, அதைச் சுற்றி வெள்ளை நூலை வலை மாதிரி இறுக்கிக் கட்டினேன். நூல்தான் கொலாஜன், ஜவ்வுக்கு உறுதி கொடுப்பது. பஞ்சு, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற அக்ரிகான். இரண்டும் சேர்ந்திருக்கும் வரை அழுத்தினால் அமுங்கும், விட்டால் நிமிரும். நம்முடைய முட்டி அப்படித்தான் ஒவ்வோர் அடியையும் தாங்குகிறது.

கூட்டத்தில் அந்தப் பஞ்சை உயர்த்திக் காட்டி, கைப்பையிலிருந்து கத்திரியை எடுத்தேன். ‘இந்தக் கத்திரிக்குப் பேருதாங்க என்சைம், தமிழ்ல நொதி’ என்றேன். வெளியிலிருந்து வருகிற கிருமி அல்ல, ஜவ்வுக்குள் குடியிருக்கிற செல்களே செய்கிற கத்திரி. பழசை வெட்டிப் புதுசு வைப்பதற்காக உடம்பு வைத்திருப்பது. கூடவே அதைக் கட்டிப்போடுகிற பொருளையும் உடம்பே செய்கிறது. வயசோ, அடியோ, அதிகப் பாரமோ, மூட்டுக்குள் அழற்சியோ வந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. கத்திரி கூடிப்போகிறது, கட்டிப்போடுகிற கை குறைந்துபோகிறது. இதைச் சொல்லிக்கொண்டே நூலை ஒவ்வொன்றாக வெட்டினேன். பஞ்சு பிதுங்கி, தண்ணீர் மேஜை மேல் சொட்டியது. ‘இந்த நேரத்துல கூட உங்க முட்டிக்குள்ள இது நடந்துட்டு இருக்கு. வெட்டுப்பட்ட நூலைத் திரும்ப அதே மாதிரி கட்ட உடம்புக்குத் தெரியாது’ என்று முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதையே பிற்பாடு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கூட்டத்துக்கு முந்தின நாள், திரையில் காட்ட வைத்திருந்த படங்களில் இரண்டை எடுத்துவிட்டிருந்தேன். ஜவ்வுக்கு ரத்தக்குழாய் கிடையாது, நடக்கும்போது அமுங்கி நிமிர்வதால்தான் மூட்டுநீரிலிருந்து அதற்குச் சத்து போகிறது, அளவான அசைவு கத்திரியை அடக்கி வைக்கிறது, தொடைத் தசை பலமாக இருந்தால் முட்டியின் பாரம் குறைகிறது, ஆகவே நடங்கள். அந்த இரண்டு படங்களில் இருந்தது இவ்வளவுதான். நேரம் பற்றாது, டிபன் ஆறிவிடும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. கத்திரியோடு முடித்தால் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ‘தினமும் நடங்கள்’ என்று சொன்னால் எல்லா டாக்டரும் சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மேஜை அருகே வந்து, வெட்டுப்பட்ட பஞ்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவர். அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு மேல் வேலூர் வண்டியில் நின்றுகொண்டே போய் வந்திருக்கிறார். செங்கம் பக்கம் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து கொஞ்சம் நிலம் உண்டு. தினமும் காலையில் ஏரிக்கரை வரை நடப்பார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மனைவியோடு மலையைச் சுற்றிக் கிரிவலம் வருவார். படி இறங்கும்போது மட்டும் வலது முட்டியில் வலி என்றார். ‘முப்பது வருஷமா நாலு பேர் நாலு விதமா சொன்னாங்க மேடம். இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்’ என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான்.

மூன்று வாரம் கழித்து நான் வண்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் கேட் அருகே நின்றார். முதல் வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது.

“மேடம், ஒரே ஒரு சந்தேகம். காலைல நடக்கறேனே, அதுவும் அந்தக் கத்திரிக்கு வேலை குடுக்கறதுதானே?”

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எந்த அளவு வலி, எவ்வளவு தூரம், வீக்கம் உண்டா என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். டாக்டரைப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்களேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனேன்.

யாரிடம் சொன்னாலும் நான் விட்டுவிடுகிற இடம் இதுதான்.

அதன்பின் காலையில் அவரை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. அவர் மனைவி மட்டும் தனியாகக் கடைக்குப் போய் வருவார், இரண்டு கையிலும் பை இருக்கும். ஓரிரு முறை அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஓய்வு பெற்றவர்களுக்குச் சோம்பல் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த வருடம் என் தம்பி கல்யாணப் பத்திரிகை வைக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவருடைய நாற்காலியின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. அவர் லுங்கியில் உட்கார்ந்திருந்தார். வலது தொடை இடது தொடையைவிடச் சிறுத்திருந்தது லுங்கிக்கு மேலேயே தெரிந்தது. பத்திரிகையை வாங்க எழுந்து நிற்கப் பார்த்தார். இரண்டு கையையும் ஊன்றி, பாதி எழுந்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மனைவி வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

என்ன ஆச்சு என்று கேட்டேன். விழுந்துவிட்டாரா, அடிபட்டதா என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகல மேடம். நீங்க சொன்னபடியே இருக்கேன். கத்திரிக்கு வேலையே குடுக்கறதில்ல” என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். “எவ்ளோ கம்மியா நடக்கறோமோ, அவ்ளோ ஜாஸ்தி நாள் ஜவ்வு வரும். அப்படித்தானே?”

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மேலே அவரே சொன்னார். முதலில் ஏரிக்கரையை நிறுத்தியிருக்கிறார். அப்புறம் மலை சுற்றுவதை. அப்புறம் மாடிப்படி, அப்புறம் கடைத்தெரு. நடக்காமல் இருக்க இருக்க எழுந்தால் வலி கூடியது. வலி கூடக்கூட, கத்திரி இன்னும் வெட்டுகிறது என்று நினைத்து இன்னும் குறைத்துக்கொண்டார். தனக்குள் இருக்கிற ஜவ்வைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருப்பதாக நம்பினார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ‘நான் பாதிதான் சொன்னேன், தப்பு பண்ணிட்டேன்’ என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. நான் சொன்னது, “ஒருதரம் ஆஸ்பத்திரியில காட்டிடலாங்களா? நானும் வரேன்” என்பது மட்டும்தான். அவர் முகத்தில் நன்றி தெரிந்தது. படித்த பெண், வேலைக்கு லீவு போட்டுக் கூட வருகிறாளே என்ற நன்றி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, தேய்மானம் இருக்கிறது, ஆனால் இந்த அளவு முடங்கிப்போக இது காரணம் இல்லை என்று சொல்லி, பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஓர் இளம்பெண். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, காலை நேராக நீட்டச் சொன்னாள். பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை, கால் நடுங்கியது. தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். எவ்வளவு நாளாக நடக்கவில்லை என்று கேட்டாள். பத்துப் பதினோரு மாதம் என்று அவர் மனைவி சொன்னார்.

“யாரு உங்களுக்கு நடக்கக் கூடாதுன்னு சொன்னது?”

நான் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி, எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது. பார்த்துவிடக் கூடாது என்று தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “டியூட்டில இருந்தப்ப யாரோ சொன்னாங்கம்மா. பஸ்ல வர்றவங்க ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க” என்றார்.

“விவரம் தெரியாதவங்க பேச்சைக் கேட்டு இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்களே அப்பா” என்றாள் அந்தப் பெண்.

அவர் மனைவி என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் தன் உள்ளங்கையை மூடித் திறந்து மூடித் திறந்து காட்டி அவருக்கு விளக்கினாள். ஜவ்வுக்குள் ரத்தம் போகாது, அமுக்கி விட்டால்தான் சத்து உள்ளே போகும், சும்மா வைத்தால் அது பட்டினி கிடக்கும் என்றாள். நான் எடுத்துவிட்ட இரண்டு படங்களும் அதில் இருந்தன. படம் இல்லாமல், நொதியின் பேர் ஒன்றும் சொல்லாமல், இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முதல் முறையாகக் கேட்பவர் போலத்தான் கேட்டார். முதல் முறையேதான்.

ஆட்டோவில் திரும்பினோம். இறங்கும்போது அவர், “சிரமம் குடுத்துட்டோம் மேடம்” என்றார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கல்லூரிக்கு வேறு தெரு வழியாகப் போனேன். எனக்குள்ளேயே வாதாடினேன். நடக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லையே. அவராகத்தானே அப்படி எடுத்துக்கொண்டார். நாற்பது பேர் கேட்டார்களே, மற்றவர்கள் நடக்கவில்லையா. இப்படி வாதாடுகிறபோதெல்லாம் கடைசியில் கேட் அருகே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கிற என்னையே பார்த்தேன். அங்கே நாற்பது பேர் இல்லை. அவரும் நானும்தான் இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். மனைவி கீழே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உட்காராமலேயே சொல்லிவிட்டேன். எடுத்துவிட்ட படங்களைப் பற்றி, ஏன் எடுத்தேன் என்பதைப் பற்றி, கேட் அருகே பதில் தெரிந்தும் சொல்லாமல் போனதைப் பற்றி, ஆஸ்பத்திரியில் வாய் திறக்காமல் நின்றதைப் பற்றி. கைதட்டலுக்காகத்தான் அப்படி முடித்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அவர் கையை ஆட்டி, விடுங்க மேடம், என் புத்தி எங்க போச்சு என்கிற மாதிரி ஏதோ சொல்லி என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் மனைவி கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. தலையைத் தூக்காமலே பேசினார்.

“நான் முதல் மாசத்துலருந்தே சொன்னேம்மா, எழுந்து நடங்க, இப்படியே உக்காந்தா மரத்துப் போய்டும்னு. உனக்கு இன்னா தெரியும், மேடம் கத்திரியால வெட்டிக் காட்டுனாங்கன்னு சொல்வாரு. நீங்க படிச்சவங்க. என் பேச்சு எடுபடல.”

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை அவர் திரும்ப வந்து உட்காரவில்லை. அந்தப் பதினோரு மாதமும் அந்த அம்மா தனியாகக் கடைக்குப் போனது, கணவரைத் தாங்கிப் பிடித்து எழுப்பியது, பௌர்ணமி அன்று எல்லோரும் தெருவில் கிளம்பிப்போவதை உள்ளிருந்து பார்த்தது எல்லாம் அந்த ஒரு பேச்சில் இருந்தன. சரியாகச் சொன்ன ஒரே ஆள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவர் வாயை நான் அடைத்திருந்தேன்.

செயலாளரிடம் போய், இன்னொரு முறை பேச வேண்டும் என்று கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நடைப்பயிற்சி பற்றிப் பேசுங்கள், தப்பு கிப்பு என்றெல்லாம் வேண்டாம், சங்கத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிடும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். கத்திரியும் பஞ்சும் எடுத்துப்போகவில்லை. போன வருடம் நான் பாதி விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பேசினேன், அதனால் ஒருவருக்குக் கெடுதல் வந்தது என்று ஆரம்பித்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. நொதி வெட்டுவது உண்மை, அதை நிறுத்துகிற மாத்திரை இன்னும் யார் கையிலும் இல்லை, ஆனால் உட்கார்ந்துவிடுவது அதற்கு மருந்து அல்ல என்று சொன்னேன். எவ்வளவு நடக்கலாம் என்பதை உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல முடியும், என்னைக் கேட்காதீர்கள் என்றேன். யாரும் கைதட்டவில்லை. ஓர் அம்மா எழுந்து, அப்போ எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய உதவியாக இருந்தது. அப்படி எளிதாகத் தப்பித்ததற்கும் பிறகு வெட்கப்பட்டேன்.

அவர் விடாமல் பயிற்சி செய்தார். மூன்றாவது மாதம் நாற்காலிக்கு அடியில் இருந்த கட்டைகளை எடுத்தார்கள். கைத்தடியோடு தெருமுனை வரை வந்தார். அப்புறம் தடி இல்லாமல். மழைக்காலம் முடிந்து ஏரிக்கரையின் பாதி தூரம். ஒரு பௌர்ணமி அன்று மனைவியோடு கிளம்பி, பாதிச் சுற்றுக்கு முன்பே முடியாமல் ஆட்டோ பிடித்துத் திரும்பியிருக்கிறார். பதினாலு கிலோமீட்டரையும் இனி சுற்ற முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் வலது முட்டி எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் இடைவெளி முன்பைவிடக் குறைந்திருந்தது. அதில் எவ்வளவு வயசால், எவ்வளவு அவர் பேருந்தில் நின்ற வருடங்களால், எவ்வளவு என்னால் என்று பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. என் துறையில் இத்தனை வருடம் இருந்துவிட்டு இதை உறுதியாகச் சொல்கிறேன். அது எனக்கு ஆறுதல் இல்லை.

அவர் என்னிடம் முன்போலவே பேசுகிறார். முன்பைவிட அதிகமாகக்கூடப் பேசுகிறார். கல்லூரியில் என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்பார். நான் அளந்து அளந்து பதில் சொல்வதைப் பார்த்துச் சிரிப்பார்.

போன மாதம் ஒரு காலையில் அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். படியேறும்போது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம், இரண்டு மாதமாக என்றார். எனக்கு வாய் வரை என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, “ஆஸ்பத்திரியில காட்டுங்கம்மா” என்றேன்.

“காட்டிட்டேம்மா. அந்தப் பொண்ணு பயிற்சி சொல்லிக் குடுத்திருக்குது” என்றார். “உங்களைக் கேக்க வரல. கொஞ்சம் கறிவேப்பிலை வேணும்.”

பின்பக்கம் போய் இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிப் போனார்.